ட்ரெபிளுக்கு நான் எழுதிக் கொடுத்த மூன்றாம் சரணம்

கச்சேரி நாளன்று மாலை நான்கு மணிக்கு, என் வேலை போயே போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ராயபுரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் மூன்று வருஷமாகத் தற்காலிகப் பாட்டு வாத்தியார் நான். வீட்டில் அப்போதுதான் இரண்டாவது குழந்தை.

துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, துறைமுக ஆட்களையும் எங்கள் பள்ளியில் வேலை செய்த பெண்களையும் சேர்த்துக் கோரஸ் பாட்டுக் குழு ஒன்று நடத்தினார். இங்கிலீஷ் நாட்டுப்புறப் பாட்டுகளை நான்கு குரலுக்குப் பிரித்து அச்சிட்ட புத்தகம் அவருக்குச் சீமையிலிருந்து வந்தது. இருந்தது ஒரே பிரதி. அதைப் பார்த்து, பெண்களுக்கு ட்ரெபிள், ஆல்டோ, ஆண்களுக்கு டெனர், பாஸ் என்று தனித்தனித் தாளில், டோ ரே மீ என்று ஸ்வரம் குறிக்கும் சோல்பா எழுத்தில் நகல் எடுப்பது என் பொறுப்பு. “பாட்டு நல்லா வந்தா, உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி ஸ்கூல் மேனேஜர்கிட்ட நான் பேசறேன்” என்று துரை சொல்லியிருந்தார்.

மாலுமி ஒருவன் காதலியை விட்டுக் கப்பலேறும் பாட்டு. மூன்றாம் சரணத்தில் ட்ரெபிள் வரி காலியாக இருந்தது. மெட்டு பாஸுக்குப் போயிருந்தது. நானோ கிறிஸ்தவக் கோவிலின் ஞானப்பாட்டிலேயே வளர்ந்தவன். எங்கள் கோவிலில் மெட்டு என்றால் ட்ரெபிள்தான். பாஸ் அடியில் தாங்கும், அவ்வளவே. அச்சுக்காரன் கோட்டை விட்டுவிட்டான் என்று நினைத்து, முதல் சரணத்து மெட்டையே அங்கேயும் எழுதிவிட்டேன். அதில் கொஞ்சம் பெருமை வேறு!

ஆண்கள் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் துரையிடம் பழகினார்கள். பெண்களுக்குப் பள்ளியில் நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கூட்டமும் சேர்ந்து பாடியது கச்சேரி நாள் மாலையில்தான்.

மூன்றாம் சரணம் வந்தது. பாஸுக்கு மெட்டை நிதானமாக இழுத்து எழுதியிருந்தார்கள். பெண்கள் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு முந்தி ஓடினார்கள். பாஸ் வரிசையில் நின்ற ஃபிட்டர் தாவீது தாளை இறக்கினார்.

“இன்னா வாத்யாரே, எங்க பாட்ட அவங்க பாடிகினு கீறாங்க?”

துரை குச்சியால் மேஜையைத் தட்டினார். “யார் எழுதினது?”

“நான்தான் ஐயா. காலியா இருந்தது. விட்டுப்போச்சுன்னு நினைச்சு...”

“அது ரெஸ்ட்! அவங்க சும்மா இருக்கணும்!” அவர் முகம் சிவந்துவிட்டது.

பெண்களின் தாள்களில் அந்தச் சரணத்தை அடித்தேன். மறுபடி பாடினோம். மனப்பாடமாகிவிட்டதால் பாதிப் பேர் தங்களையறியாமல் பாடினார்கள். மூன்று தரமும் அதே கதி. வெளியே கச்சேரி கேட்க வருகிறவர்களின் ஜட்கா வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன.

அப்போது ட்ரெபிள் முன்வரிசையிலிருந்து பள்ளி ஆயா ரோஸம்மா சொன்னாள்: “நின்னுகினு இருந்தா வாய் தானா பாடுது வாத்யாரே. குந்தச் சொல்லுங்க. அப்பால யாரு பாடுவா?”

உண்மைதான். எங்கள் கோவிலில் பாட்டுக்கு எழுந்து நிற்போம். உட்கார்ந்தால் பாட்டு முடிந்தது என்று பொருள். துரை சரியென்று தலையாட்டினார்.

கச்சேரியில் இரண்டாம் சரணம் முடிந்ததும் ட்ரெபிள் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒரு குரல் எழவில்லை. துறைமுக ஆட்களின் தொண்டையிலிருந்து மெட்டு மெதுவாக வந்தது. கேட்க வந்தவர்களின் முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

முடிந்ததும் துரை என்னிடம் வந்தார். “உட்கார வெச்சது யார் யோசனை?”

“ரோஸம்மா யோசனை ஐயா.”

“தப்பு?”

“என்னோடது.”

சிரித்துவிட்டார். “நாளைக்கு மேனேஜர்கிட்ட பேசறேன். நீ எல்லாத் தாள்லயும் அந்த இடத்துல ‘உட்காரவும்’னு எழுது.”

இப்போது என்னிடம் நகல் எடுக்கப் பழக வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காலியிடத்தைப் பார்த்ததும் பேனாவைத் திறக்காதீர்கள், போய்க் கேளுங்கள். யாரையும் கேட்காமல்தான் நான் ஒரு முழுச் சரணத்தை எழுதித் தொலைத்தேன். அந்தப் பாட்டில் நானாகச் சேர்த்ததில் உருப்படியானது ‘உட்காரவும்’ ஒன்றுதான், அதுவும் ரோஸம்மா சொன்னது.