ரிசப்ஷன் புடவைக்கு மேட்ச்சாக ஒரு பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டாருக்கு நாலே தந்தி. கச்சேரியில் அது தனியாகக் காதில் விழாது. நிறுத்திவிட்டால் மட்டும் பாட்டு சப்பென்று போய்விடும். நான் வாசிப்பது அதைத்தான். காசிமேட்டுப் பெண் நான், கை சின்னது, வாய் பெரிது. கடையில் விற்கிற கிட்டாரின் கழுத்து என் விரலுக்கு எட்டாமல் பல வருஷம் மல்லுக்கட்டினேன். கல்யாணம் நிச்சயமான கையோடு, திருவொற்றியூரில் கிட்டார் செய்கிற அண்ணனிடம் போய், என் கைக்கு அளவெடுத்து ஒன்று செய்யச் சொன்னேன். பூவரசு மரத்தில்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மேடையில் நான் வாசிப்பதைப் பார்த்துத்தான் அவர் பெண் கேட்டே வந்தார். "கல்யாணத்துக்கு அப்பறம் நான் கச்சேரிக்குப் போவலாமா? உங்கம்மா இன்னா சொல்லுவாங்க?" என்று கேட்டால், "அதை நீயே அம்மாகிட்ட கேட்டுடேன்" என்று நழுவிவிட்டார். பெரிய வீரன்! நானும் கேட்கவில்லை. மீன் ஏலத்தில் நாலு பேரோடு சண்டை போடுகிறவள், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தொண்டையில் முள் சிக்கினமாதிரி நின்றுவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? ரிசப்ஷனில் பெண்ணே வாசிக்கட்டும் என்று அவர் சொன்னதற்கு அவர் அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, "ஒரு பாட்டுதான, வாசிச்சிட்டுப் போறா" என்றார்களாம். ஒரு பாட்டு என்றால் அத்தோடு சரியா?

இழைப்பு வேலை முடிந்தது, மேல்பூச்சுதான் பாக்கி, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று அந்த அண்ணன் போன் செய்தார். நானும் அம்மாவும் போனோம். அத்தையும் வந்தார்கள். அவர்கள் கைப்பையில் என் ரிசப்ஷன் புடவையின் பிளவுஸ் துணி இருந்தது. மாம்பழ மஞ்சளில் பச்சை பார்டர்.

அண்ணன் ஈரத்துணியால் மரத்தைத் துடைத்துக் காட்டினார். உள்ளே ஓடிய கரும்பழுப்பு ரேகையெல்லாம் எழும்பி வந்தது. ஐயோ, என்ன அழகு! "இப்டியே எண்ணெ மட்டும் போடுங்கண்ணா, போதும்" என்றேன்.

"இன்னாடி இது, அடுப்பு வெறகாட்டம் கீது?" என்றாள் அம்மா. "நாலு சனம் பாக்குறப்போ பளிச்சினு வாணாவா? நம்ம மீன்புடி போட்டுக்கு அடிச்ச நீலம் ஒரு டப்பா மிச்சம் கீது. மேல ஆரஞ்சு பட்டை ரெண்டு இழுத்தா அம்சமா இருக்கும்."

"சும்மா இருங்க சம்பந்தி. மஞ்சப் புடவைக்கு முன்னால நீலமா? போட்டோவுல கண்ணு கூசும்லா?" என்ற அத்தை, கிட்டாரை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். டியூப்லைட்டில் பார்த்தால் கலர் ஏமாற்றுமாம். பிளவுஸ் துணியை மரத்தின் மேல் விரித்து, தள்ளி நின்று பார்த்து, "இந்த மஞ்சளத்தான் அடிக்கணும். ஓரத்துக்கு இந்தப் பச்ச" என்று தீர்ப்புச் சொன்னார்கள். நடுவில் மாப்பிள்ளை போனில் வந்து, கருப்புதான் கெத்து என்றார். "ஏல, கல்யாண வீட்டுல கருப்பா?" என்று அத்தை போனையே வைத்துவிட்டார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒருநாள் போட்டுக் கழற்றுகிற ஒட்டியாணமா இது? "கிட்டாருக்கு இன்னா பிளவுஸா தைக்கிறீங்க?" என்று கத்திவிட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். போச்சுடா, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த பெயின்ட் எத்தன வருசம் நிக்கும்?" என்று அண்ணனைக் கேட்டார்கள்.

"ஷோகேஸ்ல வெச்சா ஆயுசுக்கும் நிக்கும்மா. வாசிச்சா கை தேயிற எடத்துல சீக்கிரமே பல்ல இளிச்சிடும். எண்ணெ போட்ட மரம் கை படப் பட மினுங்கும்."

அத்தை பிளவுஸ் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்கள். "அப்ப எண்ணெயே போடுங்க. ரிசப்ஷன் ஒருநா கூத்து. வாரத்துக்கு ரெண்டு கச்சேரிக்குப் போற பிள்ளைக்கு, சாயம் போற சரக்கையா குடுக்கது?"

"கல்யாணத்துக்கு அப்பறமுமா அத்தே?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பின்ன? அளவெடுத்துச் செஞ்சிட்டுப் பரணுலயா போடப் போற?"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தோ பாரு, லூசு, அழுவுறா" என்ற அம்மாவும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு சொல்லுதேன்" என்றார்கள் அத்தை. "ஆடி மாசம் மட்டும் கச்சேரி எடுக்காத. தள்ளுபடி நேரம், கடைக்கு ஆள் பத்தாது."

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஆடியிலதான் சம்மந்தியம்மா எங்க அம்மனுக்குக் கூழு ஊத்தி கச்சேரியே வெப்போம். எம்பொண்ணு இல்லாமயா?"

அண்ணன் டீ வாங்கிவரும்வரை இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஆடி வெள்ளியும் ஞாயிறும் அம்மனுக்கு, மற்ற நாளெல்லாம் கடைக்கு என்று முடிவானது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் கேட்கச் சொன்னது? எனக்கு அங்கேயே குத்தாட்டம் போடவேண்டும்போல இருந்தது.

கிளம்பும்போது அத்தை கிட்டாரைத் தூக்கிப் பார்த்து, "யம்மாடி, என்னா கனம்! இதத் தூக்கிக்கிட்டு ஆட்டோ தேடி ரோட்டுல நிக்காத. கடை வேன அனுப்புதேன்" என்றார்கள்.

இன்றும் அந்த வேனில்தான் போகிறேன். பின்னால் நைட்டி மூட்டைகளின் மேல் கிட்டார் சொகுசாகப் படுத்துக்கொண்டு வரும். போன ஆடியில் நெட்டுக்குப்பம் அம்மன் கோயிலில் கச்சேரி. கடையில் அத்தனை கூட்டம், அத்தையோ கல்லாச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். "சும்மா காத்து வாங்க வாரேன்" என்றார்கள். நான் மேடையேறிப் பார்த்தபோது முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு, யாரோ ஒரு பெண்ணின் தோளைத் தட்டி என்னைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.