மலையை வலக்கைப் பக்கம் வைத்த பேட்டரி வண்டி

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுவது என் வீட்டுக்காரியின் வேண்டுதல். எங்கள் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்து, "எம் பொண்ண எழுப்பிக் குடுத்துடு. உசுரு இருக்கற வரைக்கும் ஒரு பௌர்ணமி விடாம உன்னைச் சுத்தி வரேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். மகள் எழுந்தாள். படித்தாள், கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூருக்கு வாழப் போனாள். இவள் சுற்றுவதை நிறுத்தவில்லை. மழையிலும் சுற்றினாள், தார் உருகும் வெயிலிலும் வெறுங்காலோடு சுற்றினாள். அப்புறம் முழங்கால் போய்விட்டது. கோயில் வாசல் வரைக்கும் போய் வருவதே பெரும்பாடு என்றாகிவிட்டது.

முதல் பௌர்ணமி தவறியபோது அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டாவது தவறியபோது, மகளுக்குச் சாதாரண ஜலதோஷம் என்று போன் வந்ததற்கு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். "சொன்ன வார்த்த தவறிட்டேன், அவரு கணக்கு கேக்கறாரு" என்றாள். அண்ணாமலையார் அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் சொன்னேன். "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள பழக்கம். நான் வாக்கு குடுத்திருக்கேன்" என்று முடித்துவிட்டாள். ஆட்டோவில் போகலாம் என்றால் பௌர்ணமியன்று மலை சுற்றும் பாதையில் வண்டி விட மாட்டார்கள். விட்டாலும் ஏற மாட்டாள். மலைதான் சாமி, சாமி முகத்தில் போய்ப் புகை விடுவதா என்பாள்.

இந்த நிலைமையில்தான் புகை இல்லாத ஊர் எங்கள் வீட்டுக்கு வந்தது.

வீட்டின் முன்பக்கத்திலேயே நான் மாவு மில் வைத்திருந்தேன். எங்கள் ஊர் தனி மாவட்டத்துக்குத் தலைநகராகி, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்து, பௌர்ணமிக் கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் ஜாஸ்தியாகிவிட்டது. தேரடித் தெருவில் பஸ் புகையும் ஆட்டோ புகையும் சேர்ந்து, கோபுரம் சில நாள் பாதிதான் தெரியும். அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு தொண்டு அமைப்பு வந்தது. அவர்கள் அனுப்பிய பையன், நகரங்களை அமைப்பதற்கென்றே தனியாகப் படித்தவன், நல்ல பிள்ளை. அவனிடம் பேட்டரி வண்டி ஒன்று இருந்தது. ஆட்டோவுக்கு அண்ணன், வேனுக்குத் தம்பி என்று சொல்லலாம். ராத்திரியில் அதை நிறுத்திச் சார்ஜ் போட நல்ல கரண்ட் உள்ள இடம் வேண்டும். அதனால் என் மில்லுக்கு வந்தான்.

வந்தவன் ஊருக்கான திட்டத்தை மாவு சலிக்கும் மேசைமேல் விரித்துக் காட்டினான். மாட வீதிகளில் பெட்ரோல் வண்டி கூடாது, சைக்கிளுக்குத் தனிப் பாதை, கோயில் மாலைகளை மக்கவைத்து உரம், மலையைச் சுற்றிப் பேட்டரி வண்டி. எல்லாமே நல்லதாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரி படத்தின் நடுவில் பெரிதாக இருந்த பச்சை வட்டத்தில் விரல் வைத்தாள்.

"இது இன்னா தம்பி?"

"அதுவாம்மா, அது மலை. திட்டத்துல அது காலியிடம்."

அவள் சிரித்துவிட்டாள். "ஊர்ல அவரு ஒருத்தருதான் காலி இல்லாம இருக்காரு. நாமதான் வந்து வந்து போறோம்."

தம்பி அதைக் குறித்துக்கொண்டான். அவனிடம் அந்த நல்ல குணம் இருந்தது, யார் எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வான். கூட இருந்த டிரைவருக்குத்தான் வாய் சும்மா இருக்காது. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டியவர், இப்போது பேட்டரி வண்டிக்கு வந்திருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். கார்த்திகைக்கு மலைமேல கொப்பரை கொப்பரையா நெய் எரியுதே, அந்தப் புகையும் உங்க கணக்குல வருதா?"

தம்பி திட்டத்தில் மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினான். "அதை வேற தலைப்புல போடணும்ணா" என்றான்.

பௌர்ணமியன்று வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் ஏற்றி வண்டியை மலையைச் சுற்றி ஓட்டிப் பார்க்க அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய் அவனுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். மூட்டு வலி வந்தபின் அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்க்கவில்லை. முதல் ஆளாக அவள் ஏறுவது என்று முடிவாயிற்று. காபியைக் குடித்துக்கொண்டே தம்பி போகும் வழியை விளக்கினான். கிழக்கே கோயிலில் கிளம்பி, வடக்கே ஈசானிய லிங்கம், குபேர லிங்கம், மேற்கே அடி அண்ணாமலை, அப்புறம் தெற்கு வழியாக ஆசிரமத்துப் பக்கம், திரும்பக் கோயில்.

மிளகாய் அரைக்க வந்திருந்த அம்மாள்கூடத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"தம்பி, அது இடமா போவுது" என்றேன்.

மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். சாமியை வலம் வருவதுதான் முறை. அவன் சொன்ன வழியில் போனால் மலை இடக்கைப் பக்கம் இருக்கும். இப்படிச் சுற்றினால் இதுவரைக்கும் சுற்றியதெல்லாம் அவிழ்ந்துபோகும் என்பது எங்கள் பயம். ஆனால் அவன் சொன்ன காரணத்திலும் நியாயம் இருந்தது.

"சார், இந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. பின்னாடியிருந்து வந்தா நடக்கறவங்களுக்குத் தெரியாது, மேல இடிச்சுடும். எதிர்ல வந்தாத்தான் கண்ணால பார்த்து ஒதுங்குவாங்க. அனுமதியே அந்த நிபந்தனையிலதான் குடுத்திருக்காங்க."

"எதிர்ல வரட்டும். நடக்கற ஜனம் வெளி ஓரமா வருது" என்றார் டிரைவர். "மலை ஓரமா சித்தருங்க நடக்கறாங்கன்னுதானே அந்தப் பக்கத்த விட்டு வெச்சிருக்கோம். நான் லெஃப்ட்ல ஓட்டினா நேரா அவங்க எதிர்லதான் போவணும். அவங்க பார்த்து ஒதுங்குவாங்களா, இல்ல நான் ஒதுங்கணுமா?"

தம்பி இதையும் குறித்துக்கொண்டான்.

என் வீட்டுக்காரி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு மெல்ல, பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வண்டி வாசலில் நிற்கிறது, அனுமதியும் இருக்கிறது, மலையும் அங்கேயே இருக்கிறது. திசைதான் சரியில்லை.

மறுநாள் நாங்கள் நாலு பேரும் எனக்குத் தெரிந்த ஒரு குருக்களிடம் போனோம். பாதையோரத்தில் ஒரு சின்னச் சன்னிதியில் பூஜை செய்கிறவர். எல்லாவற்றையும் கேட்டார்.

"மலை வலக்கைப் பக்கம் இருக்கணும். எனக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான்" என்றார். "வண்டி மூஞ்சி எந்தப் பக்கம், மனுஷா மூஞ்சி எந்தப் பக்கம்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட வந்து கேட்டதில்லே."

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ சீட்டைத் திருப்பிப் போட்டா?"

நாங்கள் அங்கேயே மண்ணில் கோடு போட்டுப் பார்த்தோம். டிரைவர் நடுவில் மலையாக உட்கார்ந்தார். நான் அவரைச் சுற்றிப் பின்பக்கமாக நடந்தேன். அவர் என் வலக்கைப் பக்கமேதான் இருந்தார். குருக்கள் என்னை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். "வலக்கைதான்" என்றார். விபூதி கொடுத்தார்.

வெல்டிங் கடையில் இரண்டு நாளில் சீட்டுகளைப் பின்புறம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்கள். பௌர்ணமி அந்த மாதம் காலையிலேயே பிறந்தது. தலைக்குக் குளித்துவிட்டு என் வீட்டுக்காரி ஏறினாள். அவளோடு மூட்டுவலிக்காரர்களாக இன்னும் மூன்று பெண்கள். கூடவே நாலு வீட்டுப் புளியோதரைத் தூக்குகள், ஒரு குடம் தண்ணீர். நானும் தம்பியும் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டோம். முந்தின ராத்திரி பாதிக்குமேல் கரண்ட் இல்லை. இருந்தாலும் ஒரு சுற்றுக்குத் தாங்கும் என்றான் தம்பி.

ஈசானிய லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். "என்னாய்யா வண்டி இது? முன்னால போவுதா, பின்னால போவுதா?"

"வண்டி முன்னால போவுது சார். ஜனங்க பின்னால போறாங்க" என்றார் டிரைவர்.

போலீஸ்காரர் வழி விட்டார். அவர் முகத்தில், இன்னும் நிறைய கேட்க வேண்டும், ஆனால் பதில் வேண்டாம் என்பதுபோல ஒரு களைப்பு.

பெண்கள் மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, போன வழியையே பார்த்தபடி போனார்கள். நடக்கிற ஜனங்கள் அவர்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து கடந்து போனார்கள். "ஊரே என்னத் தாண்டிப் போவுது, நான் மட்டும் எங்க போறேன்னு தெரில" என்றாள் என் வீட்டுக்காரி. சுற்றி முடிக்கிறவர்கள் கும்பிடும் ஈசானியத்தை இவர்கள் முதலில் கும்பிட்டார்கள். நடுநடுவே அவள் கை கூப்பி, "சாமிங்களே, கொஞ்சம் வழி விடுங்க, பேட்டரி வண்டி" என்று முணுமுணுத்தாள். சித்தர்களிடம் சொல்கிறாள் என்று புரிந்து நானும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அடி அண்ணாமலை வந்ததும் வண்டி நின்றுவிட்டது. சத்தமில்லாத வண்டி என்பதால் நின்றது கொஞ்ச நேரம் எங்களுக்கே தெரியவில்லை. கண்ணுக்கெதிரே இருந்த டீக்கடை நகராமல் இருந்ததை வைத்துத்தான் தெரிந்தது.

தம்பி இறங்கி என்னென்னவோ திருகிப் பார்த்தான். பேட்டரி தீர்ந்திருந்தது. தள்ளலாம் என்றோம். மலை சுற்றி வந்த ஆண்பிள்ளைகள் சிலர் உடனே கை கொடுக்க வந்தார்கள். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்கள்.

"இந்தப் பக்கமா? பௌர்ணமியன்னிக்கா? நாங்க வரலப்பா" என்றார் ஒருவர். "நாங்க போற பக்கம்னா சொல்லு, வீடு வரைக்கும் தள்றேன்."

"அப்போ வண்டியத் திருப்பி அவங்களோட போயிடலாம்" என்றான் தம்பி.

உள்ளே இருந்த நாலு பெண்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். வண்டியைத் திருப்பினால் அவர்களுக்கு மலை இடக்கைப் பக்கம் வந்துவிடும். குருக்கள் சொன்னது சொன்னதுதான். ஆகவே மீதி ஒரே வழி. வண்டி அப்படியே இருக்க, முன்பக்கம் கை வைத்துப் பின்பக்கமாகத் தள்ளுவது. அப்படித் தள்ளினால் வந்த வழியே, ஜனம் போகிற பக்கமே போகும் என்பதால் எடுத்த கைகள் திரும்பி வந்தன.

"செருப்பக் கழட்டிட்டுத் தள்ளு சாமி" என்று ஒருவர் தம்பியிடம் சொன்னார். அவன் ஷூவைக் கழற்றிச் சீட்டுக்கடியில் வைத்தான். அரோகரா என்று தள்ளினோம். பின்புறமாக உருளும்போது பிரேக் நம்புகிற மாதிரி இல்லை. கூட்டத்தில் தேருக்கு முட்டுக்கட்டை போட்டுப் பழகிய பெரியவர் ஒருவர் இருந்தார். கல்லைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தோடு ஓடி, இறக்கத்தில் அடியில் வைத்து வைத்து நிறுத்தினார். டிரைவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, "என் ஆயுசுல இவ்ளோ ரிவர்ஸ் எடுத்ததில்ல" என்றார். யாரோ முன்கண்ணாடியில் மாலை போட்டார்கள். குபேர லிங்கத்தில் ஒருவர் தேங்காய் உடைத்தார்.

இப்போது பெண்கள் போகிற திசையைப் பார்த்துப் போனார்கள். மலை வலக்கையில், ஜனம் கூடவே. என் வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வழிந்தது. எனக்கும்தான்.

இப்படியே, ஏறிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம். தள்ளியவர்களுக்குச் சுற்று முடிந்தது, கும்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். மற்றப் பெண்கள் இறங்கினார்கள். இவள் இறங்கவில்லை.

"வீடு பக்கத்துலதான், எறங்கும்மா" என்றேன்.

"எதுக்கு எறங்கணும்? எதிர்த்திசையில போனதுக்கும் திரும்பி வந்ததுக்கும் சரியாப் போச்சு, சுத்து எங்க முடிஞ்சுது? அவரக் கேளுங்க" என்றாள், தம்பியைக் காட்டி.

தம்பி மனதுக்குள் கணக்குப் போட்டான். "அம்மா சொல்றது சரிதான் சார். மொத்தத்துல நகரவே இல்ல."

"அது தம்பி கணக்கு" என்றாள் என் வீட்டுக்காரி. "என் கணக்குல நான் பாதியாவது ஒழுங்கா வந்திருக்கேன். அடி அண்ணாமலையிலேருந்து கோயில் வரைக்கும் முறையா வந்தாச்சு. கோயில்லேருந்து அடி அண்ணாமலைக்குப் போயிட்டா வட்டம் முடியும்."

தம்பி ஷூவைப் பார்த்தான், மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. அப்போதுதான் சுற்றக் கிளம்பிய கூட்டம் ஒன்று மாலை போட்ட வண்டியைப் பார்த்து நின்றது. என்ன சாமி என்று கேட்டார்கள். வேண்டுதலை என் வீட்டுக்காரியே சொன்னாள், மகளின் காய்ச்சலிலிருந்து. வேறு கேள்வி கேட்காமல் கை வைத்தார்கள். அக்கினி லிங்கம், ஆசிரமத்துப் பக்கம், எம லிங்கம். ஆசிரமத்து அறைகளில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரும் வந்து தள்ளினார்கள். முட்டுக்கட்டைப் பெரியவர் இரண்டாவது சுற்றும் வந்தார், கல்லோடு.

வெயில் சாய்ந்தபோது அடி அண்ணாமலையில், பேட்டரி தீர்ந்த அதே இடத்தில், அவள் கையை நீட்டினாள். நான் பிடித்து இறக்கினேன். மண்ணில் உட்கார்ந்து மலையைப் பார்த்து நெற்றியைத் தரையில் வைத்தாள். வெகுநேரம் எழவில்லை. வலியோ என்று பயந்து குனிந்தேன். மகளின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டீ வந்தது. தம்பி சக்கரத்தில் சாய்ந்து, கொப்புளம் கண்ட பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, "மன்னிச்சுக்கங்கம்மா. அடுத்த பௌர்ணமிக்குள்ள நல்ல பேட்டரியா மாத்திடறேன்" என்றான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பேட்டரிய எடுத்துடுங்க தம்பி. கனம்."