சுதிக்னோவின் சிவப்பு ஃபில்டர்

மனிதகுலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய அறிவிப்பு: சுரபாயா வான்படக் கழகத் தலைவர் ஹர்டிமான், நகர நடுவே தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே நெபுலா என்ற விண்மேகத்தைப் படமெடுக்கப் போகிறார்! வான்படக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைக்காவிட்டால் பதவியைத் துறப்பார். சிரிக்க வேண்டாம். இது நடந்தது. அந்த மாடியில் இன்றைக்கும் இருட்டினால் யாரும் ஏறுவதில்லை.

"போன தடவ எடுத்தது கருகின தெம்பே வறுவல் மாதிரி இருந்துச்சே, பாக் தலைவரே," என்றான் துணைத்தலைவன் யூதி. 'பாக்' என்றால் அந்த ஊரில் ஐயா.

"நாளைக்குப் பாரு. வாயடைச்சுப் போயிடுவ."

அவர் தெம்புக்குக் காரணம் ஒரு சிவப்பு ஃபில்டர். ஹைட்ரஜன் மேகத்தின் சிவப்பை மட்டும் உள்ளே விட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தை வாசலோடு திருப்பி அனுப்பும் கண்ணாடி வில்லை. இறந்துபோன உறுப்பினர் சுதிக்னோவின் மனைவி கொடுத்தது. வாயில் கிராம்பு சிகரெட் அணையாத சுதிக்னோ, ஒருமுறை தொலைநோக்கியின் மூடியைக் கழற்றாமலே விடிய விடியப் படமெடுத்தார்.

"மொதல்ல மூடியக் கழட்டுங்க பாக், அப்புறம் பிரபஞ்சத்த அளக்கலாம்!" என்று மைக்கைப் பிடித்துக் கழகக் கூட்டத்தையே சிரிக்க வைத்தவர் ஹர்டிமான்.

சுதிக்னோ அதன்பின் கழகத்துப் பக்கம் வரவில்லை.

மறுநாள் இரவு 11.40, மொட்டைமாடி. கணினித் திரையில் முதல் படம் விழுந்தது. சிவப்பு மேகம். கச்சிதம். தலைவர் தம் மீசையைத் தாமே தடவிக்கொடுத்தார்.

இரண்டாவது படம் இன்னும் தெளிவு.

தூறல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். வானம் முழுக்க மழைமேகம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

திரையில்... நூற்றுக்கணக்கில்.

ஆக்சிஜன் ஃபில்டருக்கு மாற்றினார். உள்ளே ஃபில்டர்களைத் தாங்கும் சக்கரம் சுழன்றது. கிர்ர்... டக்.

உடனே தானாகத் திரும்பியது. கிர்ர்... டக்.

மறுபடி சிவப்பு.

"யாரு?"

காதருகே ஒரு மூச்சு.

கிராம்பு வாடை.

"பாக் சுதிக்னோ... நீங்களா?"

மெல்ல...

ஒரு சிரிப்பு.

செருப்பை மாடியிலேயே விட்டுவிட்டுத் தலைவர் கீழே ஓடினார்.

காலையில் துணி உலர்த்தப் போன மனைவி எண்டாங் மேலிருந்து கத்தினாள்:

"ஏங்க! ராத்திரி பூரா என்னத்தப் படம் புடிச்சீங்க?"

"ஏன்?"

"தொலைநோக்கி மூடி போட்டபடியே இருக்கு. மேல தூசியும் தூறலுமா அப்பிக் கெடக்கு, ஒரு கைரேகை இல்ல."

கணினியில் நாற்பது படங்கள் இருந்தன. எல்லாம் நெபுலா. எல்லாம் கச்சிதம்.

அவற்றில் சிறந்ததைக் கண்காட்சியில் வைத்தார்கள்.

மூன்றாம் பரிசு.