ஜெபசெல்வியும் அஞ்சாறு இல்லைகளும்

ஜெபசெல்வி என்ற பேரை நான் முதலில் கேட்டதே ஒரு மறுப்போடுதான். என் தங்கச்சி மகன் செல்லத்துரைக்குப் பெண் கேட்டு ஊருக்கு ஆள் அனுப்பியிருந்தோம். போன மனுஷன் தாராவிக்குத் திரும்பி வந்து, "பிள்ள பேரு ஜெபசெல்வி. வேண்டாம்னு சொல்லல, பம்பாய்க்கு வரமாட்டேன்னு சொல்லுதா. ரெண்டும் வேற வேறயாம்" என்றார். அப்போதே எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் வந்தாள். வந்தவள் இந்தச் சந்திலிருந்து அசையவில்லை. செல்லத்துரை காலமான பிறகும் அவன் நடத்திய, ஸ்கூல் பை தைக்கிற கார்கானாவை அவள்தான் ஓட்டுகிறாள்.

இப்போது மெஷின் மேலே போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் ஜிப் தைக்கிறாள். போனுக்குள்ளிருந்து ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லுவாள். இவள் பெடலை மிதித்தபடி, "நாதா, நாதா, நாதியே" என்பாள். முதல் நாள் நான் குழம்புச் சட்டியோடு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஜெபத்தை நடுவில் கலைக்கக் கூடாதே! குழம்பு ஆறிப்போன பிறகுதான் தெரிந்தது, அது ஸ்பெயின்காரர் பாஷையாம்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய ஒரே மகன் எட்வின் அந்த ஊரில் ஹோட்டலில் சமைக்கிறான், அங்கேயே கட்டியும் கொண்டான். மருமகளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். அவள் அம்மா பிலாருக்குத் தன் பாஷையை விட்டால் ஒன்றும் வராது. ஞாயிறுதோறும் அந்த அம்மாள் போனில் முகம் காட்டுவாள். "அந்தப் பில்லரம்மா வாய் ஓயாம பேசுதாங்க. நான் பொம்ம மாதிரி சிரிச்சிட்டே இருக்கவா அத்த?" என்பாள் இவள்.

வணக்கம், சாப்பாடு, மழை எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. 'இல்லை'யில்தான் வண்டி நின்றது. அந்த ஊரில் ஒரு இல்லை போதாதாம். "பொருளு இல்லன்னா நாதா. ஆளு இல்லன்னா நாதியே. இத்தன பேருல ஒருத்தரும் இல்லன்னா நிங்குனோ. ஒருநாளும் இல்லன்னா நுன்கா." ஒன்றை மாற்றிச் சொன்னால் போன் 'டொய்ங்' என்னும். நாள் முழுக்க டொய்ங்.

"ஒத்த 'இல்ல'ய வச்சு ஒழுங்கா இருக்க வேண்டியதுதானட்டி?"

"நம்மள்ல மட்டும் ஒத்தையா அத்த? இல்ல, வேண்டாம், மாட்டேன், கூடாது. நீங்களே காலையில இருந்து நாலையும் என்னட்ட சொல்லியாச்சு."

இவளோடு பேச முடியுமா? ஒரு வெயில் மதியம் "நுன்கா, நுன்கா" என்று புலம்பினாள். பாவம், நுங்குக்கு ஏங்குகிறாள் என்று மாஹிம் ஸ்டேஷன் வரை நடந்து வாங்கி வந்தேன். சிரித்தாளே தவிர, ஒரு சுளையும் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

மறக்காமலிருக்க அவளாக ஒரு வழி பிடித்தாள். "ஆளு விசயம்னா நாதியே. கேக்க நாதியில்லன்னு சொல்லுதோம்லா, அந்த நாதிதான். நம்ம நாதி கப்பலேறிப் போயிருக்கு அத்த!" அங்கே பிடித்தது சனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலார், உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டிருக்கிறாள். இவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தெங்கோ நாதியே" என்றாள். தெங்கோ என்றால் எனக்கு உண்டு என்று அர்த்தம். எனக்கு நாதி உண்டு என்று சொன்னதாக இவள் நினைப்பு. அந்த அம்மாள் முகம் மாறி, "நாதியே?" என்றாள். "சீ, சீ! நாதியே!" என்றாள் இவள். அந்த ஊரில் 'சீ' என்றால் 'ஆமா' என்று அர்த்தமாம். பக்கத்தில் இருந்த எனக்குத்தான் கூசியது. பிலார் கண்ணைத் துடைத்தாள். "பாத்தீங்களா அத்த, என்ன சந்தோசம்!"

ராத்திரியே எட்வின் கூப்பிட்டான். "எம்மா, உனக்கு ஒருத்தருமே இல்லன்னு சொன்னியாமே? அவங்க சாப்பிடாம அழுதுட்டு இருக்காங்க."

"வாய் தவறிட்டுடா."

"திரும்பக் கேட்டதுக்கும் ஆமான்னியாமே! என்னட்ட மறைக்காத. கார்கானாவ யார்ட்டயாவது குடுத்துரு. நாங்க வந்து உன்னக் கூட்டிட்டுப் போறோம்."

அவள் முகம் செத்துப்போனது. "மெஷின விட்டுட்டு அங்க போயி சோபால இருந்து சாகவா? இப்பவே மாத்திச் சொல்லிருதேன். நாதியேன்னா ஆளில்ல. முன்னால ஒரு நோ போட்டா, ஆளில்லாம இல்ல. கணக்கு சரிதான?" நம் பாஷைக்குச் சரிதானே, நானும் தலையாட்டினேன். பிலாரைக் கூப்பிட்டு, "நோ தெங்கோ நாதியே" என்று அழுத்தி அழுத்திச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒப்பாரியே எழுந்தது. அந்தப் பாஷையில் இல்லை மேல் இல்லை போட்டாலும் இல்லைதானாம். முதல் தடவை சொன்னதாவது குளறல். இது இலக்கணம் பிசகாத தப்பு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செல்லத்துரையின் தாய்மாமன் மகள் பூமாரி எதிர்வீடு. அவள் கொழுந்தன் ராஜகுமார் மாஹிமில். என் மூத்தவன் தாணேயில். செல்லத்துரையின் பெரியப்பா பேத்தியைக் கட்டியவன் செம்பூரில். "நாங்கள்ளாம் என்னட்டி, சுவத்துக்குக் குடுத்த பில்லரா?"

"உங்களச் சொல்லல அத்த."

"யாருமில்லன்னா என்னையும் சேத்துத்தான!"

அவளைக் கூட்டிப்போக எட்வினும் பிலாரும் வருகிற அன்றைக்கு எந்த வீட்டிலும் ஆள் மிஞ்சக் கூடாது என்று சொல்லியனுப்பினேன். சந்து முனையிலிருந்து கார்கானா வாசல் வரை நின்றோம். டாக்சியை விட்டுக் கைக்குட்டையோடு இறங்கிய பிலாரின் கையை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு முறை சொன்னோம். மதினி, சித்தி, மச்சான், பெரியப்பா மகள் என்று எட்வின் எடுத்துச் சொல்லிச் சொல்லிப் பாதி வழியில் திக்கிப்போனான். அந்த ஊரில் இத்தனை முறைக்கும் சொல் கிடையாதாம். "அவளுக்குப் போட்ட டிக்கெட்டக் கேன்சல் பண்ணுல" என்றேன். தலையைச் சொறிந்தான்.

பிலார் இடுப்பில் கை வைத்து, கூட்டத்தை ஒருமுறை பார்த்து, ஜெபசெல்வியைப் பார்த்தாள். "நாதியே?" என்றாள். ஜெபசெல்வி அவசரமாக, "நோ, நோ... நிங்குனோ..." என்று விளக்க ஆரம்பித்தாள். பிலார் எட்டி அவள் வாயைத் தன் உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

வந்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜெபசெல்வி இங்கேதான், தாராவியில், அவள் கார்கானாவில் இருக்கிறாள்.