இர்மெலி சொல்ல மறந்த நன்றி

முப்பத்தைந்து வருஷமாக மேடை ஏறும் இர்மெலி, இரண்டாவது பாட்டு முடிந்ததும் மைக்கில் "நன்றி" சொல்ல ஒரு நாளும் தவறியதில்லை. பெத்தயாலம்பி குளக்கரை ஆட்டக் கொட்டகையில் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இருநூறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு ஆடுவார்கள். ஒருவரை அழைத்தால் இரண்டு பாட்டு ஆட வேண்டும். பாடகி நன்றி சொன்னதும் பெண்ணை அவள் நின்றிருந்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். ஒரே பாட்டோடு விட்டால் அவளுக்கு அவமானம். மூன்றாவது பாட்டுக்கும் கையை விடாமல் நின்றால் இருவருக்கும் காதல் என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி, திங்கட்கிழமை கூட்டுறவுக் கடையில் அதுதான் பேச்சு.

அப்பேர்ப்பட்ட இடத்தில், போன ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் நாலு மணிக்கு, இர்மெலி நன்றி சொல்ல மறந்தாள். மறந்து, தன் சொந்தப் புருஷனையே இன்னொருத்தியோடு மூன்றாவது பாட்டுக்கு ஆடவிட்டாள். அன்று கொட்டகைக்கு வராதவர்கள் யாரும் முதலில் இதை நம்பவில்லை.

இர்மெலிக்கு ஐம்பத்து நான்கு வயது. வாரத்தில் ஐந்து நாள் பால் லாரி ஓட்டுகிறாள். பண்ணை பண்ணையாகப் போய், குழாயை மாட்டி, பாலை இழுத்துக்கொண்டு ஆலைக்குப் போவது வேலை. வார இறுதியில் பாட்டு. குரல் என்றால் குரல், அப்படி ஒரு குரல். அழுகையைத் தொண்டையிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு பேசுகிறவளின் குரல். நம் ஊர் டாங்கோவுக்கு, ஜோடி ஜோடியாக அணைத்து ஆடும் அந்தச் சோகப் பாட்டுக்கு, அதுதானே வேண்டும்? அவள் போய்விட்டாள், இலை உதிர்ந்துவிட்டது, கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நல்ல ஊர் இருக்கிறது, நமக்கு அங்கே போக வழியில்லை. கதை அவ்வளவுதான். வாய்விட்டுச் சொல்ல மானம் தடுப்பதையெல்லாம் பாட்டுக்காரியைச் சொல்லவிட்டு, ஆட வருகிறவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் அணைத்துக்கொண்டு சுற்றுவார்கள். அழுத்தக்காரப் பிறவிகள்!

இப்படி ஊரையே ஆட்டிவைக்கும் இர்மெலிக்கு ஆடத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவள் பிறந்தது கடும் பக்தியுள்ள வீடு. ஜெபக்கூட்டத்தில் பாடலாம், ஆடினால் நரகம். பத்தொன்பது வயதில் கொட்டகையில் பாட வரச்சொல்லிக் கூப்பிட்டபோது, "மேடைல நின்னு பாடினா அது ஆடினதாகாதும்மா" என்று அம்மாவிடம் வாதாடித்தான் அனுமதி வாங்கினாள். கொடுத்த வாக்குக்கு ஏற்ப மேடையை விட்டு இறங்கவே இல்லை. மற்றப் பெண்கள் பதினைந்து வயதில் அக்காவின் காலை மிதித்து மிதித்துக் கற்றுக்கொண்டதை அவள் கற்றுக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு கற்றுக்கொள்ள வெட்கம். டாங்கோப் பாடகிக்கு டாங்கோ ஆட வராது என்று வெளியே தெரிந்தால் சந்தி சிரித்துவிடாதா?

அந்தப் பயத்தில்தான் கல்யாணமே நடந்தது. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கிழக்கே கைனூ பக்கத்திலிருந்து மர அறுவை ஆலைக்கு வேலைக்கு வந்திருந்த கலெர்வோ என்பவன், இடைவேளையில் மேடைப் படியருகே வந்து நின்றான். அடுத்த பாதியில் அக்கார்டியன் மட்டும் தனியாக வாசிக்கும் பாட்டுகளுக்குத் தன்னோடு ஆட வருகிறாயா என்று கேட்டான். இர்மெலிக்குக் குலை நடுங்கிவிட்டது. "கால் சுளுக்கு" என்றாள். அவன் அவள் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "நல்லதாப் போச்சு. எனக்கும் ஆடத் தெரியாது. கூட்டாளிங்க புடிச்சுத் தள்ளிவிட்டுட்டானுங்க" என்றான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஆடத் தெரியாத ஒருவன் கிடைத்தானே! அடுத்த வருஷம் கட்டிக்கொண்டாள்.

இருபத்தேழு வருஷமாக அவன்தான் பாட்டுக் குழுவின் வண்டியை ஓட்டுகிறான். ஒலிபெருக்கியை இறக்குவான், கம்பிகளை இழுத்து மாட்டுவான், பிறகு வண்டிக்குப் போய்விடுவான். காப்பிப் பிளாஸ்க், குறுக்கெழுத்து, அவன். ஒரு முறைகூடக் கொட்டகைக்குள் நின்று அவள் பாடிக் கேட்டதில்லை. இர்மெலியின் மனசில் அது முள்ளாகத் தைத்திருந்தது. ஊரெல்லாம் கண் கலங்கிக் கேட்கும் பாட்டு, கட்டினவனுக்குப் பிடிக்கவில்லை. அதை நேராகக் கேட்க வாய் வராது. வேறு எதற்காவது சண்டை பிடிப்பாள். பனிக்காலத்தில் பாடி முடித்து வண்டியில் ஏறினால் இருக்கை ஐஸாகக் கிடக்கும். "ஜன்னல் கண்ணாடியை ஏத்தித் தொலைய மாட்டியா? உள்ள எலும்பே உறையுது" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவாள். அவன் "ம்" என்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மூக்குக் கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டு மேடை ஏறிவிட்டாள். அன்றைக்குப் புதுப் பாட்டு ஒன்று இருந்தது, தாளைப் பார்த்துத்தான் பாட வேண்டும். வண்டியில் கிடந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கலெர்வோ எடுத்துக்கொண்டு வந்தான். மேடையின் பக்கவாட்டுக் கதவைத் திறக்க முடியாதபடி டிரம்ஸ் பெட்டி அடைத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் முன்வாசல் வழியாக நுழைந்து, ஆண்கள் நிற்கும் சுவரோரமாக நடந்தான். அவன் பாதி தூரம் வருவதற்குள் இர்மெலி, நேரமாயிற்று என்று சுவிட்சைத் தட்டினாள். பலகையில் 'பெண்கள் அழைப்பு' என்று விளக்கு எரிந்தது. இனி அது மாறும்வரை பெண்கள்தான் ஆண்களை ஆட அழைப்பார்கள்.

சிவப்புப் பாவாடை கட்டிய ஒருத்தி விறுவிறுவென்று தளத்தைத் தாண்டி வந்தாள். வெளியூர்க்காரி. "கலெர்வோ! நீயா?" என்று கூவிக் கையை நீட்டினாள்.

பெண்கள் அழைப்பில் ஆண் மறுக்கக் கூடாது. மறுத்தவன் அந்தக் கொட்டகைப் பக்கம் தலைகாட்ட முடியாது. கலெர்வோ மேடையைப் பார்த்தான். கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டான். அவள் கையைப் பிடித்தான்.

ஐயோ பாவம், மிதி வாங்கப் போகிறாள் என்று சிரித்துக்கொண்டுதான் இர்மெலி பாட ஆரம்பித்தாள். நாலே அடி. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. பலகைத் தரை சத்தமே போடவில்லை. பாட்டு இழுக்கும் இடத்தில் அவன் இழுத்து நின்றான், விடும் இடத்தில் விட்டான். மற்ற ஜோடிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஆலையிலிருந்து மரத்தூளோடு வந்து சோபாவில் விழும் அதே மனிதனா இவன்? வாய் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

நன்றி சொல்ல வேண்டிய இடம் வந்தது. சொல்லவில்லை. சொல் வரவில்லை. பேயறைந்தவள் போல நின்றவள், வாயில் வந்த அடுத்த டாங்கோவின் முதல் வரியை எடுத்துவிட்டாள். அக்கார்டியன் வாசிக்கும் தைஸ்தோவுக்கு எழுபது வயது, இப்படி ஒரு அக்கிரமத்தைப் பார்த்ததில்லை. திரும்பி முறைத்துக்கொண்டே வாசிப்பில் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். கீழே பாதிப் பேர் கையை விட்டுவிட்டுத் திரும்பவும் பிடித்தார்கள். விதவை ஒருத்தியும் அவள் அழைத்துப்போன தபால்காரரும் காது சிவக்கச் சுற்றினார்கள். பாட்டு நடக்கும்போது பெண்ணை நடுத்தளத்தில் விட்டுவிட்டுப் போக முடியாதே! கலெர்வோ ஒவ்வொரு சுற்றிலும் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தான், போதும் நிறுத்து என்பதுபோல. அவள் கடைசி வரி வரை பாடினாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு? மூணு பாட்டா? ஊர்ல பாதிக் குடும்பத்தைக் கலைச்சு விட்டிருப்ப!" என்றார் தைஸ்தோ, இடைவேளை விட்டதும்.

இர்மெலி டிரம்ஸ் பெட்டியைத் தள்ளிவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே இறங்கினாள். கடையில் ஒரு காப்பியை வாங்கித் திரும்பினால், சிவப்புப் பாவாடைக்காரி மூச்சிரைக்க நின்றிருந்தாள். பேர் மெர்வி. பாடகிதான் கலெர்வோவின் மனைவி என்று தெரியாமல் தானாகவே பேசினாள்.

"என்னா பாட்டுங்க உங்க பாட்டு! அதுவும் எங்க ஊரு ஆளோட ஆடக் கிடைச்சுதே. கைனூல அவரு கூட ஆடுறதுக்குப் பொண்ணுங்க வரிசை கட்டி நிப்பாங்க. எங்க அக்காவும் அவரும் ஜில்லாப் போட்டிலயே ஜெயிச்சாங்க. இங்க வந்து எவளையோ கட்டிக்கிட்டாராம். கொடுத்து வச்சவ, வாராவாரம் ஆடுவா!"

இர்மெலி கையிலிருந்த காப்பியை அப்படியே மெர்வியின் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். ஆட்டத்திலேயே இத்தனை பொய் என்றால் இன்னும் எதிலெல்லாம் பொய்யோ? யாரைக் கட்டிக்கொண்டோம் என்றே தெரியாமல் வாழ்ந்துவிட்டோமா?

கலெர்வோ வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக் கூட்டை ஜன்னல் வழியாக நீட்டினான். "இந்தா. அப்பவே குடுக்க வந்தேன்."

"கண்ணாடி கெடக்கட்டும்! ஆடத் தெரியாதுன்னு சொன்னியே, வாய் கூசலையா உனக்கு?"

"கூசல." கண்ணாடிக் கூட்டை அவள் கையில் திணித்தான். "நீ மட்டும் கால் சுளுக்குன்னு சொல்லல?"

இர்மெலிக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு... தெரியுமா?"

"சுளுக்குன கால்ல அவ்வளவு உசரச் செருப்பை எவ போடுவா? உன் மூஞ்சியப் பாத்தேன். பயந்து செத்துக்கிட்டிருந்த. சரி, எனக்கும் வராதுன்னு சொல்லிட்டா உனக்கு நிம்மதின்னு தோணுச்சு. சொன்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

"அதுக்காக இத்தனை வருஷமா வண்டில உக்காந்திருப்பியா? பைத்தியமா உனக்கு?"

"உள்ள நின்னா எவளாச்சும் கூப்பிடுவா. முடியாதுன்னு சொல்ல முடியுமா? ஒரு பாட்டு ஆடினா போதும், ஊர் உன்னப் புடிச்சுக்கும். 'உம் புருசன் இப்படி ஆடுறான், நீயும் எறங்கி வந்து ஒரு சுத்து ஆடு'ம்பாங்க. வேண்டாம்னு இங்கயே இருந்துட்டேன்."

"என் பாட்டே உனக்குப் பிடிக்கலன்னுல்ல நெனச்சேன்!" இருபத்தேழு வருஷத்து முள் அது. "ஒரு நாளாச்சும் கேட்டியா நீ?"

அவன் ஜன்னலைக் காட்டினான். கண்ணாடி நாலு விரல் இறங்கியிருந்தது. "இதத் திறந்து வச்சுத்தானே கேப்பேன். ஏத்திட்டா அக்கார்டியன் மட்டும்தான் கேக்கும், உன் குரல் வராது."

மைனஸ் இருபது டிகிரிக் குளிரிலும் அந்தக் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. அதற்காக அவள் எத்தனை திட்டு திட்டியிருக்கிறாள்! இர்மெலி வண்டியின் படியில் உட்கார்ந்து கொசுக்கடியைக்கூடப் பார்க்காமல் ஓவென்று அழுதாள். அவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

"மூணாவது பாட்டு எதுக்குப் பாடின? கால் விட்டுப்போச்சு எனக்கு" என்றான். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ள வந்து நில்லு" என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டு. "வந்துதான் ஆகணும்."

அன்றைய இரண்டாவது பெண்கள் அழைப்புக்கு விளக்கைப் போட்ட கையோடு இர்மெலி மைக்கைத் தாங்கியில் மாட்டினாள். "வெறும் வாசிப்பு வாசிங்க" என்று தைஸ்தோவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கொட்டகை கப்சிப் ஆகிவிட்டது. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அந்தப் பலகையில் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. பாடகி சண்டைக்குத்தான் போகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் கலெர்வோவை விட்டு நகர்ந்து நின்றார்கள். அவள் நேராக அவன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"மாட்டேன்னு சொல்ல முடியாது, தெரியும்ல?"

"தெரியும்" என்றான்.

ஆடினாளா என்று கேட்காதீர்கள். மிதித்தாள். இடித்தாள். திரும்ப வேண்டிய இடத்தில் நின்றாள், நிற்க வேண்டிய இடத்தில் திரும்பினாள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. இர்மெலிக்கு ஆட வராது! இர்மெலிக்கா! அவளுக்கு முகம் கொதித்தது. முதல் பாட்டு முடிந்ததும், "போதும்யா, மானம் போச்சு. கொண்டுபோய் விடு" என்றாள் காதோரம்.

"ரெண்டு பாட்டு. ஒண்ணோட விட்டா உனக்கு அவமானம்" என்றான் அவன். கையை விடவில்லை.

இரண்டாவது பாட்டும் முடிந்தது. அவளை எங்கிருந்து வந்தாளோ அங்கே, மேடைப் படி வரை நடத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தலைகுனிந்து "நன்றி" என்றான் கலெர்வோ. அப்படியே சுவரோரமாகப் போய் நின்றான். வண்டிக்குப் போகவில்லை.

இர்மெலி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புதுப் பாட்டின் தாளை எடுத்தபடி நிமிர்ந்தாள். மெர்வியும் இன்னும் மூன்று பெண்களும் தளத்தைத் தாண்டிக் கலெர்வோவை நோக்கி வேகவேகமாக வந்துகொண்டிருந்தார்கள். பலகையில் பெண்கள் அழைப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முறைப்படி இன்னும் இருபது நிமிஷம் பாக்கி.

இர்மெலி எட்டிச் சுவிட்சைத் தட்டினாள்.

"ஆண்கள் அழைப்பு" என்றாள் மைக்கில். மறக்காமல் "நன்றி" என்றும் சொன்னாள்.