லோகநாதன் அடித்த நுரையீரல்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளிடம் நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் அமாவாசையன்று உண்டியலில் வெள்ளித் தகடு போடுவார்கள். கண், காது, கை, கால் என்று எது நோகிறதோ அந்த உறுப்பின் உருவம். கோயில் தெருவில் அதை விற்பது என் பிழைப்பு. அடித்துக் கொடுப்பவன் லோகநாதன். பகலில் அவன் காக்களூரில் ஒரு பட்டறையில் டப்பா மூடிகளுக்கு அச்சு வெட்டுகிறவன்.

கட்சிக் கூட்டத்தில் கேட்டதையெல்லாம் என் கடையில் நின்று ஒப்பிப்பான். "இன்னா சாமி, தகட்டுக்குக் காய்ச்சல் தெரியுமா?" என்பான். "தெரியாட்டி நீ ஏண்டா அடிக்கிறே?" என்று நானும் விடமாட்டேன். பன்னிரண்டு வருஷமாக இதே சண்டை. ஒரு நாளும் அவன் கோயில் வாசலைத் தாண்டியதில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம், தை அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது பழவேற்காட்டிலிருந்து குப்பாயி வந்தாள். ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைக்கிறவள். மகள் பூவம்மாளுக்கு வலது நுரையீரலில் காசம். மருந்துக்கு அடங்காத பகுதியை அறுத்து எடுக்க அமாவாசைக்கு மறுநாள் தேதி கொடுத்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் இடதும் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவளோ பெருமாளுக்குத் தகடு போடாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

மார்புத் தகட்டை எடுத்துக் காட்டினேன். தொடவே இல்லை. "மாருல இன்னா நோவு? நோவு உள்ள கீது சாமி. இத்தப் பாரு" என்று எக்ஸ்ரே படத்தை நீட்டினாள்.

லோகநாதன் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தான். "நம்ம உள்ள இவ்ளோ அழகா கீதா!" என்றான். மெழுகுத்தாளில் நகல் எடுத்துக்கொண்டான். விலா எலும்புகள், சாய்ந்த இதயம், நோய் இருந்த இடத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு புடைப்பு. எதையும் விடாமல் அச்சு வெட்டி இரண்டு தகடு அடித்தான். ஒன்று குப்பாயிக்கு, ஒன்று தனக்கு. அமாவாசை காலையில் அவள் அதை உண்டியலில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

மத்தியானம் லோகநாதன் ஓடி வந்தான். மெழுகுத்தாளையும் தன் தகட்டையும் என் முன்னால் வைத்தான். வலது நுரையீரலில் இருக்க வேண்டிய நோய் தகட்டில் இடதில் இருந்தது. அச்சில் வெட்டுவது தகட்டில் பக்கம் மாறித்தான் விழும், அதனால் திருப்பி வெட்ட வேண்டும். மூடிகள் வட்டம்; கண், காது, கை, கால் எல்லாம் ஜோடி. பக்கம் பார்த்து வெட்டும் வேலை அவனுக்கு அதுவரை வந்ததே இல்லை.

"அவகிட்ட சொல்லிடலாமா?" என்றேன்.

"சொன்னா கையெழுத்துப் போடமாட்டா சாமி. அடுத்த அமாவாசைன்னுவா. பொண்ணு தாங்காது."

"தகட்டுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, உனக்கென்ன?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அச்சு வெட்ட நேரமில்லை. அரைநாள் லீவு போட்டு, வெறும் தகட்டில் நேராகவே சிற்றுளியால் தட்டித் தட்டி இன்னொரு நுரையீரல் செய்தான், இம்முறை வலது சரியாக. சாயங்காலம் அமாவாசைக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று அவனே போட்டுவிட்டு வந்தான். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பிறகு மூன்று மாதம் குப்பாயியிடமிருந்து சேதியில்லை. லோகநாதன் கடைக்கு வருவான், தகடுகளை எண்ணி வைப்பான், போவான். கட்சி, கூட்டம் என்ற பேச்சே இல்லை. எனக்குச் சண்டை போட ஆளில்லாமல் போரடித்தது.

சித்திரை அமாவாசையன்று குப்பாயி மகளோடு வந்தாள். பெண் இளைத்திருந்தாள், ஆனால் நடந்து வந்தாள். லோகநாதனுக்கு ஒரு பை கருவாடு. "சாமிக்கு இது ஆவாது" என்று எனக்கு இரண்டு தேங்காய்.

லோகநாதன் பையை வாங்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்றும் பெண்ணைக் கேட்கவில்லை.

"எந்தப் பக்கம்மா அறுத்தாங்க?" என்றான்.

பூவம்மாள் விழித்தாள். "வலது பக்கந்தாண்ணே" என்று விலாவைத் தொட்டுக் காட்டினாள்.

லோகநாதன் என் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். டாக்டர்கள் தன் தகட்டைப் போலவே இடதை அறுத்துவிடுவார்கள் என்று மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி குடு சாமி" என்றான்.

கேலி செய்ய அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது. சொம்பில் தண்ணீர் எடுத்து அவனிடம் கொடுத்தேன்.