பலெர்மோவின் பங்கருக்குள் சாந்தி

போன ஞாயிறு பலெர்மோவில் இருந்தேன். முதுகில் ஒரு பை, கையில் கசங்கிய மேப், காலைக் கடிக்கிற சப்பாத்து. ஊர் பார்க்கக் கிளம்பினால் எனக்கு இதுதான் கோலம்.

எல்லோரும் தேவாலயம் பார்ப்பார்கள். நான் போர் நடந்த இடங்களைத் தேடிப் போவேன். என்ன செய்ய... யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு வேறு என்ன கண்ணில் படும்? பலெர்மோவில் தேடவும் தேவையில்லை. உலகப்போரில் குண்டு விழுந்த மாளிகைகள் இன்னும் கூரையில்லாமல் நிற்கின்றன. உள்ளே அத்திமரம். பக்கத்துச் சுவரில் யாரோ உடுப்புக் காயப் போடுகிறார்கள்.

என்னோடு வந்தவள் சாந்தி. என் தங்கையோடு படித்தவள். பலெர்மோவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்ளும் வேலை. தங்குவதும் அந்த வீட்டில்தான். கொழும்பில் விட்டுவந்த எட்டு வயது மகளுக்கு விசா கிடைத்துவிட்டது — அடுத்த மாதம் வருகிறாள். சிஞ்ஞோரா வீட்டில் பிள்ளைக்கு இடமில்லை. தேடித் தேடி அகப்பட்டது பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறை. நிலத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. மறுநாள் பதில் சொல்லவேண்டும்.

சிக்கல் என்னவென்றால்... ஊரில் ஷெல்லடியில் சாந்தியின் வீட்டுப் பங்கர், அந்தப் பதுங்குகுழி, இடிந்து விழுந்தது. அவளையும் கைக்குழந்தையையும் மண்ணைத் தோண்டித்தான் எடுத்தார்கள். கணவரை உயிரோடு எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் நிலத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை.

அன்று ஒரு சதுக்கத்தின் அடியிலுள்ள போர்க்காலப் பங்கரைத் திறந்து காட்டினார்கள். சாந்தியை வெளியே நிற்கச் சொன்னேன். கேட்கவில்லை. அந்த அறையில் தன்னால் இருக்க முடியுமா என்று இன்றைக்கே தெரியவேண்டும் என்றாள்.

பாதிப் படியில் நின்றாள். முகமெல்லாம் வியர்வை. திரும்பி மேலே ஓடினாள். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தாள் — சுவரைப் பிடித்தபடி.

கீழே சுவரோரம் நீளமான சீமெந்து பெஞ்சுகள். ஈர வாடை. சாந்தி உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஏறிப்போன பிறகும் எழும்பவில்லை. சுற்றிக்காட்டியவரிடம் இத்தாலியனில் கேட்டாள், விளக்கைக் கொஞ்சம் அணைக்கச் சொல்லி. அவர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

இருட்டு. அவள் மூச்சு மட்டும் கேட்டது. முதலில் வேகமாக... பிறகு மெதுவாக. எப்போது வெளிச்சம் வரும் என்று தவித்தவன் நான்தான்.

மேலே வந்ததும், இனி அந்த அறையை எடுக்கலாம் என்று சொல்லிப் பாராட்டத் தொடங்கினேன்.

"நான் இருப்பன் அண்ணை. அது இப்ப தெரியுது," என்றாள். "ஆனா பிள்ளையை ஏன் அங்கை இருத்தவேணும்? அவளை ஒருக்கா மண்ணுக்குள்ளாலை எடுத்தது போதும்."

அறை வேண்டாம் என்று அன்று மாலையே சொல்லிவிட்டாள். கையில் வேறு இடம் இல்லை. வேலை முடிந்த நேரமெல்லாம் ஒரேத்தோ வீதிப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வெளிநாட்டுக்காரருக்குக் கொடுப்பதில்லை என்றார்கள் சிலர். பிள்ளை என்றதும் முகம் மாறியது சிலருக்கு. அவள் அடுத்த வீட்டு மணியை அழுத்தினாள்.

தாங்கிக்கொள்வதைத்தான் நாம் தைரியம் என்கிறோம். எங்கள் சனத்துக்கு அதில் பட்டமே கொடுக்கலாம். ஆனால், தாங்க முடியும் என்று தெரிந்த பிறகும் 'வேண்டாம்' என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

நேற்று போன் எடுத்தாள். வீடு கிடைத்துவிட்டது — ஐந்தாம் மாடி.

லிஃப்ட் இல்லையாம்... சிரித்துக்கொண்டே சொன்னாள்.